மடித்தால் பதினாறு அங்குலம்

1

இந்தக் கதை ஓர் அறிவிப்புத் தாளாகத் தொடங்கியது.

கேட்டவள் மார்னி. டோலன் என்ற சிற்றூரில் தீவனமும் சேணமும் விற்கும் கடை அவளுடையது. கடையின் பின்பக்கம் துப்பாக்கிக் கவுன்ட்டர். வாரத்தில் மூன்று நாள் அங்கே நிற்பவன் நான்.

"ஏ பெரிசு, வர்றவன் எல்லாம் அந்த மடக்குத் துப்பாக்கியத்தான் கேக்கிறான். ஒவ்வொருத்தனுக்கும் அரைமணி நேரம் கதை சொல்ற. அதையே ஒரு பக்கத்துல எழுதிக் கண்ணாடில ஒட்டு."

"ஒரு பக்கத்துல அடங்காது."

"அடங்கும். நீ எழுதறப்பவாச்சும் பேசாம இருந்தா அடங்கும்."

எழுதினேன்.

வெளியில் எடுத்துச் செல்லவும் வீட்டுப் பாதுகாப்புக்கும் மடக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுப்பது எப்படி:
முதலில், மடித்தால் எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.
அடுத்து எடை. கனம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் துப்பாக்கி வழியில் உதவாது.
மடித்த நிலையிலிருந்து சுடும் நிலைக்கு வர எத்தனை நொடி?
யாருக்காக

கடைசி வரி அப்படியே நிற்கிறது. அதை எழுதும்போது கடைக் கதவு திறந்தது. ஆர்டிஸ் வந்தாள்.

தாள் கண்ணாடிக்குப் போகவில்லை. அதன் பின்பக்கத்தில் இதை எழுத ஆரம்பித்தேன். பின்பக்கம் போதவில்லை.

கதையின் கேள்வியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து வாசகரைத் தவிக்கவிடும் திறமை எனக்கு இல்லை. இரண்டு வருடம் முன்பு சாக நினைத்த ஒரு பெண் இப்போது துப்பாக்கி வாங்க வந்திருக்கிறாள். கவுன்ட்டரில் நிற்பவன் விற்கலாமா?

2

முதல் தொடக்கம்: "ஆர்டிஸ் உள்ளே வந்தபோது அவள் தொப்பியில் பனி—"

(வேண்டாம். மொன்டானாவில் இந்தப் பக்கம் அக்டோபரிலிருந்து மே வரை எல்லார் தொப்பியிலும் பனிதான். அது எதையும் சொல்வதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "தனிமை என்பது—"

(இதை எழுதிய கையை நான் நம்புவதில்லை.)

மூன்றாவது, வெறும் தகவல். ஆர்டிஸுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஊரிலிருந்து இருபத்திரண்டு மைல். கடைசி ஆறு மைல் மண்பாதை. முப்பது பசு, கொஞ்சம் கோழி, ஒரு கிழட்டுக் குதிரை. வலது கையில் கட்டைவிரல் இல்லை. கன்றுக்குக் கயிறு வீசிவிட்டு, மறுமுனையைச் சேணத்தின் கொம்பில் சுற்றும்போது விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. இங்கே பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு விரல் குறையும். அன்றிலிருந்து இடது தோளில் வைத்துச் சுடுகிறாள். கணவன் ட்வேன் இரண்டு வருடம் முன்பு பிப்ரவரியில் தீவன வண்டியின் பக்கத்தில் விழுந்து இறந்தான். பிள்ளைகள் இல்லை.

"என்ன எர்வின், இன்னும் உயிரோட இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்னுதான் மார்னி சொல்றா."

"மடக்குத் துப்பாக்கி ஒண்ணு பாக்கணும்."

"எதுக்கு?"

"மடக்கறதுக்கு."

மாட்டுக்கு வைக்கும் உப்புக்கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த மார்னி சத்தமாகச் சிரித்தாள்.

"கேக்கணும் ஆர்டிஸ். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

"கோழிக்கூட்டுப் பக்கம் கரடி வருது. வேலி பாக்கப் போறப்ப சேணப் பையில ஒண்ணு இருந்தா நல்லது. அப்புறம், போன வாரம் ரெண்டு மத்தியானம் ஒரு வெள்ளை டிரக் என் கேட்டுக்கு வெளிய வந்து நின்னுச்சு. யாரும் எறங்கல. சும்மா நின்னுட்டுப் போயிருச்சு. ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் பண்ணா, ஆள் வர அம்பது நிமிஷம் ஆகுங்கறான்."

"அம்பது நிமிஷம் அதிகந்தான்."

"அதுக்குள்ள டிரக்காரனுக்கு நான் சாப்பாடு ஆக்கிப் போட்டு, பாத்திரமும் கழுவி வச்சிருவேன்."

காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் அப்போதே சாவியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்திருப்பேன்.

3

ட்வேனைப் புதைத்து ஐந்து வாரம் கழித்து, மார்ச்சில் ஒரு காலை. ஆர்டிஸ் தன் கொட்டகையில், டிரக்குக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ட்வேனின் துப்பாக்கி. கன்று ஈனமுடியாமல் தவிக்கும் பசு ஒன்றைப் பற்றிப் பேச வந்த பக்கத்துப் பண்ணைக்காரர் ஹாரிஸ் அவளைப் பார்த்தார்.

அவர் டிரக்கின் மறு கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். பசுவைப் பற்றிப் பேசினார்கள். ரொம்ப நேரம் பேசினார்கள். பிறகு அவர் சொன்னார்:

"உன் துப்பாக்கியெல்லாம் கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும் ஆர்டிஸ். என் இரும்புப் பெட்டில எடம் கெடக்கு."

"இருக்கட்டும்" என்றாள் அவள்.

ஐந்து துப்பாக்கி. போர்வையில் சுற்றி எடுத்துப் போனார்.

இது இங்கே வழக்கம். ஒருவருக்குக் குளிர்காலம் மோசமாகப் போனால் பக்கத்துப் பண்ணைக்காரர் வருவார். பெட்டியில் இடம் இருக்கிறது என்பார். ஏன் என்று இவர் கேட்கமாட்டார். ஏன் என்று அவர் சொல்லமாட்டார். யாரும் யாரையும் டாக்டரிடம் போ என்று சொல்வதில்லை. இதனால் உயிர் பிழைத்தவர்கள் என்று எனக்குத் தெரிந்தே நான்கு பேர் இருக்கிறார்கள்.

எடுத்துப்போவதற்கு வழக்கம் இருக்கிறது. திருப்பிக் கொடுப்பதற்கு இல்லை. வைத்திருப்பவர், கேட்டால் கொடுக்கலாம் என்று இருப்பார். கொடுத்தவர், அவராகவே கொண்டுவரட்டும் என்று இருப்பார். இரண்டு பக்கமும் மரியாதை. இரண்டு பக்கமும் பேச்சில்லை. ட்வேனின் சித்தப்பா ஒருவருடைய துப்பாக்கிகள் பதினொரு வருடம் அடுத்த பண்ணையில் இருந்தன. கடைசியில் ஏலத்தில்தான் வெளியே வந்தன.*

* ஏலம் விட்டது வைத்திருந்தவரின் மகன். யாருடையவை என்று அவனுக்குத் தெரியாது. சித்தப்பா போய் உட்கார்ந்து, கை தூக்காமல், பார்த்துவிட்டு வந்தார்.

இங்கே ஒரு திருத்தம்.

ஹாரிஸ் என்று யாரும் இல்லை. இந்தக் கதையை எழுதிப் பார்த்த முதல் மூன்று படிகளில் அவருக்கு ஒரு மீசை கொடுத்தேன். ஒரு பச்சை டிரக் கொடுத்தேன். ஒரு முதுகுவலி கொடுத்தேன். முதுகுவலி என்னுடையது. டிரக்கும் என்னுடையது. ஆர்டிஸின் ஐந்து துப்பாக்கிகள் என் வீட்டு இரும்புப் பெட்டியில், இடது ஓரத்தில் நிற்கின்றன. இரண்டு வருடம் ஆகிறது. அவள் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை.

இப்போது அவள் ஆறாவது வாங்க, என்னிடமே வந்திருக்கிறாள்.

(இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. இரண்டு நாள் நிறுத்தியும் வைத்தேன்.)

4

மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தேன். எல்லாமே தோளில் வைத்துச் சுடும் குட்டை ரகம். முதல் இரண்டும் கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடுபவை.

முதலாவது நடுவில் மடியும். குழல் மேலே திரும்பி, தோளில் ஊன்றும் பின்கட்டையின் மேல் படுத்துக்கொள்ளும். மடித்தால் பதினாறு அங்குலம். நாலு பவுண்டு. மேலே குறிக்கண்ணாடி பொருத்தினால் மடியாது. குறி வேண்டுமா மடிப்பு வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மடித்த நிலையில் சுட முடியாது.

இரண்டாவதில் பின்கட்டை மட்டும் பக்கவாட்டில் மடியும். மடித்தாலும் இருபத்தாறு அங்குலம். கனம் அதிகம். நம்பலாம்.

மூன்றாவது இரண்டு துண்டாகக் கழன்று பைக்குள் போகும். முயலுக்கு ஆகும்.

"இதால சுட்டா கரடி கோச்சுக்கும்" என்று மூன்றாவதை ஒதுக்கினாள்.

"மத்த ரெண்டுலயும் கோச்சுக்கத்தான் செய்யும். கரடிக்கு மிளகாய்த் தெளிப்பான் வாங்கிக்க. துப்பாக்கி டிரக்காரனுக்கு."

"விக்கிற ஆள் மாதிரியே பேசமாட்டேங்கறியே."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் மார்னி, உப்புக்கட்டிகளுக்குப் பின்னாலிருந்து.

ஆர்டிஸ் முதலாவதைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் இல்லாத கையால் பூட்டைத் தள்ள முடியவில்லை. துப்பாக்கியை இடுப்புவாரில் அழுத்தி, உள்ளங்கையால் தள்ளினாள். குழல் சுற்றி வந்து டக்கென்று உட்கார்ந்தது. மறுபடி மடித்தாள். மறுபடி திறந்தாள். ஐந்தாவது தடவை என்னைவிட வேகம்.

"இது என் ரொட்டிப் பெட்டிக்குள்ள போகும்."

"ரொட்டிப் பெட்டில எதுக்கு?"

"வீட்டுக்கு வர்றவங்க கண்ல பட வேணாம்னுதான்."

அவள் வீட்டுக்கு வருபவன் நான் ஒருவன்தான்.

நான் இரண்டாவதை அவள் பக்கம் நகர்த்தினேன். அப்போது அவள் கேட்டாள்:

"காலிக் குப்பி எந்தப் பக்கம் தெறிக்கும்?"

சுட்ட பிறகு வெளியே வந்து விழும் பித்தளைக் குப்பியைச் சொல்கிறாள். நல்ல கேள்வி. முதலாவதில் வலது பக்கம் மட்டும்தான் தெறிக்கும். இடது தோளில் வைத்துச் சுடுபவருக்கு அது முகத்துக்குக் குறுக்கே பறக்கும். சில சமயம் கொதிக்கக் கொதிக்க வலது சட்டைக் கைக்குள் இறங்கும். இரண்டாவதில் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கேள்விதான் என்னை நிமிர்ந்து நிற்க வைத்தது. ஒரே ஒரு முறை சுடப்போகிறவருக்குக் காலிக் குப்பி எங்கே விழுந்தால் என்ன? அவள் இருபது, முப்பது முறை சுடுவதை நினைக்கிறாள். வேலிக் கம்பத்தில் தகர டப்பாவை வைத்துப் பழகுவதை நினைக்கிறாள். சட்டைக் கை சுடுவதை நினைக்கிறாள். அடுத்த வாரத்தை, அதற்கடுத்த வாரத்தை நினைக்கிறாள்.

அவள் வாழப்போகிறாள் என்று எழுதினேன். அடிக்கோடும் இட்டேன்.

5

இதுவரை எழுதியதை மார்னியிடம் கொடுத்தேன். கணக்கு மேசையில் கால் நீட்டிக்கொண்டு படித்தாள்.

"இதுல நான் ஏன் இப்படிக் கத்திக்கிட்டே இருக்கேன்?"

"நீ கத்தினதாலதான்."

"சரி, அது கெடக்கட்டும். இந்தக் குப்பி விஷயம். அத அவ கேக்கல பெரிசு."

"கேட்டா."

"நான் அங்கேயேதான் இருந்தேன். நீ சொன்ன. இடது கைக்காரங்களுக்கு முகத்துக்கு நேரா பறக்கும்னு நீதான் சொன்ன. அவ தலையாட்டினா."

"அவ கேட்டுத்தான் நான் சொன்னேன்."

"நீ யாரு கேட்டு எதைச் சொல்லியிருக்க?"

அன்று கடையிலிருந்து வீடு வரை யோசித்துக்கொண்டே ஓட்டினேன். இப்போதும் உறுதியாகத் தெரியவில்லை. கேட்டது போலவும் இருக்கிறது. நான் சொன்னது போலவும் இருக்கிறது. அவள் குரலில் அந்த வாக்கியம் என் காதில் இருக்கிறது. ஆனால் அவள் குரலில் பல வாக்கியங்கள் என் காதில் இருக்கின்றன. எல்லாவற்றையும் அவள் சொல்லவில்லை.

ஆகவே நான்காம் பகுதியின் கடைசியில் குப்பியைப் பற்றி எழுதியதை நம்பவேண்டாம். அடித்துவிட்டிருக்கலாம். அது இல்லாவிட்டால் கதை எவ்வளவு தூரம் அதன்மேல் சாய்ந்திருந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் போகும். அதனால் விட்டுவைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏன் இரண்டு வருடமாகக் கொடுக்கவில்லை?

முதலில் எழுதியது: "அவளுடைய பாதுகாப்புக்காக."

பிறகு எழுதியது: "அவள் கேட்காததால்."

மூன்றாவதாக எழுதியது இது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்த ஐந்து துப்பாக்கிகளையும் எடுத்துத் துடைத்து எண்ணெய் போடுவேன். மத்தியானம் டிரக்கை எடுத்துக்கொண்டு ஆர்டிஸின் வீட்டுக்குப் போவேன். "எல்லாம் நல்லாருக்கு, துரு இல்ல" என்று சொல்வேன். "சந்தோஷம்" என்பாள். காப்பி ஊற்றுவாள். ஏதாவது ஒரு கேக் இருக்கும். நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்போம். மாட்டு விலை, வைக்கோல், யாருடைய மகள் எங்கே போய்விட்டாள் என்று பேசுவோம். அந்த மாதத்தில் நான் வேறு யார் மேசையிலும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எதைச் சொல்லிக்கொண்டு போவேன்?

மூன்றாவதை நான் அடிக்கவில்லை.

6

படிவம். பெயர், முகவரி, உயரம், எடை. துப்பாக்கி உங்களுக்காகத்தானா? ஆம். பிறகு வழக்கு, தண்டனை, மனநல சிகிச்சை என்று வரிசையாகக் கேள்விகள், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே பதில். இடது கையால் மெதுவாக எழுதினாள். வாங்குபவரைச் சரிபார்க்கும் அரசு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். மூன்றில் ஒரு பதில் வரும்: விற்கலாம், பொறுங்கள், கூடாது. நான்கு நிமிடத்தில் வந்தது. விற்கலாம்.

அவள் பெயரில் எதுவும் இல்லை. இருக்காது. அந்த மார்ச் காலை எந்தத் தாளிலும் ஏறவில்லை. அன்று அது எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் இருந்தது.

"எத எடுத்துக்கற?"

"பதினாறு அங்குலம்."

"குப்பி மூஞ்சில அடிக்கும்."

"அடிக்கட்டும்."

அவள் தேர்ந்தெடுத்தது அவள் தோளுக்கு ஏற்றதை அல்ல. என் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க ஏற்றதை. அது எனக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. மார்னி யாருக்கோ வைக்கோல் ஏற்றிவிட வெளியே போயிருந்தாள்.

"அஞ்சு துப்பாக்கி இருக்கு எனக்கு" என்றாள் ஆர்டிஸ். "அஞ்ச வச்சுக்கிட்டு ஆறாவதுக்கு வந்து நிக்கிறேன். பைத்தியம் மாதிரி இல்ல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ ஒரு நிமிஷம் என் மூஞ்சிய உத்துப் பாப்ப. வீட்ல, என் மேசையில உக்காந்துக்கிட்டு, என் கேக்கைத் தின்னுக்கிட்டு. அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஆகாது எர்வின். இங்கன்னா பாத்துக்க. இங்க அது உன் வேலை."

படிவத்தை என் பக்கம் தள்ளினாள். கீழே விற்பவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

7

முடிவுகள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். அவள் அதைக் கைக்குழந்தைபோல் கோட்டுக்குள் வைத்து—

(கைக்குழந்தை வேண்டாம்.) அவள் அதை எடுத்துக்கொண்டு போகிறாள். வெள்ளை டிரக் மறுபடி வருகிறது அல்லது வரவில்லை. அடுத்த முதல் சனிக்கிழமை அவள் வீட்டு மண்பாதையில் திரும்பும்போது புகைபோக்கியில் புகை தெரிகிறதா என்று பார்க்கிறேன். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான் பார்க்கிறேன். சாகும்வரை.

கையெழுத்துப் போடவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. சட்டம் அந்த உரிமையைக் கவுன்ட்டரில் நிற்பவனுக்குத் தருகிறது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள். ஐம்பது மைல் தள்ளி அடுத்த ஊரில் இன்னொரு கவுன்ட்டர் இருக்கிறது. அங்கே நிற்பவனுக்கு அவளைத் தெரியாது. சனிக்கிழமை நான் போனால் கதவைத் திறக்கிறாள். காப்பி இல்லை.

கவுன்ட்டரைப் பூட்டிவிட்டு அவளை என் வீட்டுக்கு அழைத்துப்போகிறேன். இரும்புப் பெட்டியைத் திறந்து ஐந்தையும் அவள் டிரக்கில் வைக்கிறேன். "தேங்க்ஸ் எர்வின்" என்கிறாள். அவ்வளவுதான். அடுத்த முதல் சனிக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்லை.

இந்த மூன்றாவது முடிவில், ஒரு படியில் மட்டும், டிரக்கில் ஏறும்முன் அவள் திரும்பி, "இதுக்காக சனிக்கிழமை வராம இருந்துராத, என்ன?" என்றாள். அழகாக இருந்தது. நான்கு நாள் வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ஆர்டிஸ் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அந்த வாக்கியம் தேவைப்பட்டது அவளுக்கு இல்லை.

உண்மையில் நடந்தது ஒன்று உண்டு. மார்னிக்குத் தெரியும். நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நான் செய்தது சரியா தவறா என்று நீங்கள் யோசிக்கத் தொடங்குவீர்கள். அவளை மறந்துவிடுவீர்கள்.

அவளை உற்றுப் பார்த்தேனா? பார்த்தேன். ஒரு நிமிடம் முழுவதும். பார்த்ததை ஏழு வரியில் எழுதினேன். அவையும் இங்கே இல்லை. சனிக்கிழமைகளுக்காக இரண்டு வருடம் பார்த்துப் பழகிய கண் அது. அதைக் கொண்டு நீங்கள் முடிவு செய்யக்கூடாது.

ஐந்து மாதமாக இந்தத் தாள்களில் அவள் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். தொப்பியைக் கழற்றவில்லை. இடது கை கண்ணாடிமேல். நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள். படிவம் அங்கே இருக்கிறது, பேனா அதன் மேல். என் வீட்டுப் பெட்டியின் சாவியையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எதை வேண்டுமானாலும் எடுங்கள்.

எடுப்பதற்குமுன் ஒன்று. கொட்டகையில் அந்தக் காலை நான் அவளிடம் பசுவைப் பற்றிக் கேட்டேன். பிறகு இருபத்து நான்கு சனிக்கிழமை வைக்கோலைப் பற்றிக் கேட்டேன். கவுன்ட்டரில், எதுக்கு, எது, ஏன் கேக்கல என்றெல்லாம் கேட்டேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. சாகணும்னு இப்பவும் தோணுதா ஆர்டிஸ்? நான்கே சொற்கள்தான். எங்கள் ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை.

நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை. கேளுங்கள்.